சுவரைப் பார்த்த நிழற்குடை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து செல்வி பேசினாள். தூத்துக்குடியில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மாலைப் பத்திரிகை இப்போது பாதி காகிதத்திலும் பாதி கைப்பேசியிலும் வருகிறது. கைப்பேசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் செல்வி. அவள் எழுதிய ஒரு நையாண்டிக் குறிப்பைப் பாதிப் பேர் நிஜச் செய்தி என்று நம்பி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். மீதிப் பேர் பொய்ச் செய்தி என்று திட்டித் தீர்த்துவிட்டார்களாம்.

"மேடம், இனிமே மேல 'இது நையாண்டி'ன்னு கொட்டை எழுத்துல போடச் சொல்லுதாங்க. போடலாமா?"

"தாராளமா போடு. சட்டி மேல மீன்குழம்புன்னு எழுதி ஒட்டினா ருசி கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது."

"அப்ப நையாண்டின்னா என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க. புதுசா சேந்த பிள்ளைகளுக்குச் சொல்லணும்."

ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எதற்கு வாரம் ஒரு பத்தியாக எழுதித் தள்ளியிருக்கப் போகிறேன்? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதிப் பார்த்தால் விளக்கம் வரவில்லை. ஒரு மேஸ்திரியும் ஒரு பேருந்து நிறுத்தமும்தான் வந்தார்கள். வந்தபடியே தருகிறேன்.

நான் அந்தப் பத்திரிகையில் எழுதுவதற்காகச் சேரவில்லை. பிழை திருத்தச் சேர்ந்தேன். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சரக்கு மடிக்க வருகிற பழைய காகிதங்களை எல்லாம் பிரித்துப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. அந்தத் தகுதியை நம்பித்தான் ஆசிரியர் ஞானதுரை சார் வேலை கொடுத்தார். அவர் நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில், முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது.

சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பிழையை விட்டுவிட்டேன். ஒரு பிரமுகர் வீதி வீதியாகப் போய் மக்களின் குறை கேட்டார் என்பது செய்தி. 'மக்களின் குரை கேட்டார்' என்று அச்சாகிவிட்டது. மறுநாள் காலை முதல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் சொன்னார்: "எங்க தெருவுல பதினாறு நாய் கிடக்கு. ரொம்ப நாளா குரைதான். ஒரு ஆளாவது வந்து கேட்டாரேன்னு சந்தோசம்."

வேலை போய்விடும் என்று நினைத்து ஞானதுரை சார் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் மெதுவாகத் துடைத்தார். அதுதான் அவர் சிரிக்கிற விதம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியாம விட்டதே இப்படி இருக்கு. தெரிஞ்சே எழுதிப் பாரேம்மா," என்றார்.

அப்படித்தான் 'உப்புக்கல்' என்ற புனைபெயரில் என் வாரப் பத்தி பிறந்தது. பெயரும் அவர் வைத்ததுதான். "சின்னதா இருக்கணும். போட்டது தெரியாம கரையணும். கூடிப்போச்சுன்னா சோத்தையே கொட்டிருவாங்க," என்றார். உப்புக்கல் ஓர் ஆண் என்றே ஊர் நம்பியது. நாங்களும் மறுக்கவில்லை.

என் ஆரம்ப வெற்றி மழைத் தண்ணீரால் வந்தது. ஒரு தெருவில் நாலு நாளாக முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 'நாளை முதல் படகுப் போக்குவரத்து' என்று முறைப்படி ஓர் அறிவிப்பு எழுதினேன். ஏறும் இடம், இறங்கும் இடம், நேர அட்டவணை, வலை வீச அனுமதி இல்லை என்ற எச்சரிக்கை எல்லாம் இருந்தது. மறுநாள் ஏறும் இடத்தில் இரண்டு பேர் பையோடு வந்து நின்றார்கள். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர், மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் ஏன் அறிவிக்கப்படவில்லை என்று கடிதம் எழுதினார். அவர் நம்பி எழுதினாரா, எனக்கு ஒரு படி மேலே போய் நையாண்டி செய்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அதே பத்திரிகை அதற்கு முன் மூன்று முறை செய்தி போட்டிருந்தது. யாரும் அசையவில்லை. கோபமாகச் சொன்னால் எதிரில் இருப்பவன் பதில் கோபத்தைத் தயாராக வைத்திருக்கிறான். சிரித்துச் சொன்னால் அவன் கையில் பதில் இல்லை.

ஞானதுரை சாரிடம் ஒரு பத்தி அச்சுக்குப் போவது அவ்வளவு சுலபம் இல்லை. எழுதிய தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்று, வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில், சத்தமாக வாசிப்பார். ஏற்ற இறக்கம் கிடையாது. அந்தக் குரலிலும் ஒரு வரி சிரிப்பு மூட்டினால் அது நிற்கும்; இல்லையென்றால் பென்சில் அதன் மேல் கோடு போடும். அடைமொழிகளை எல்லாம் அடித்துவிடுவார். கடைசியில் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் 'யார் மேல?' என்று எழுதித் திருப்பித் தருவார். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று நான் அதற்குக் கீழே எழுதிக் காட்டவேண்டும். எழுத முடியவில்லை என்றால் பத்தி கிடையாது.

"நையாண்டியில பொய் சொல்லலாம்மா. உண்மையத் தப்பாச் சொல்லக்கூடாது," என்பார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன்.

எட்டு வருடம் இப்படி ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் திரேஸ்புரம் போகிற வழியில் ஒரு புது நிழற்குடை திறந்தார்கள். கட்டிய அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல சிமென்ட் நிழற்குடை, மேலே தகரக் கூரை, உட்கார வழவழப்பான திண்டு. ஒரே ஒரு கோளாறு: அது ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உட்கார்ந்தால் எதிரே ஒரு மதில் சுவர். பேருந்து பின்னால் வந்து பின்னாலேயே போய்விடும்.

எந்த நையாண்டிக்காரனுக்கும் இது கையில் வைத்துக் கொடுத்த லட்டு. அன்று ஞானதுரை சார் தங்கை மகன் கல்யாணத்துக்காக நாசரேத் போயிருந்தார். டீக்கடையில் விசாரித்தேன். "மேஸ்திரி மாத்திக் கட்டிட்டான்," என்றார்கள். பெயர் சுடலைமுத்து என்றும் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. 'முன்பின் தெரியாத மேஸ்திரி' என்று தலைப்பு போட்டேன். சொந்த வீட்டில் அவர் அடுப்படி வழியாக நுழைந்து வாசல் வழியாகக் குளிக்கப் போவதாக எழுதினேன். செருப்பைக் கூடக் கால் மாற்றித்தான் போடுவார், சட்டைப் பொத்தான் முதுகில்தான் இருக்கும் என்று எழுதினேன். பெயரையும் போட்டேன். ஓரத்தில் கேள்வி எழுத ஆள் இல்லை. நேராக அச்சுக்குப் போனது.

அன்று சாயங்காலம் கடைகளில் பத்திரிகை மிச்சம் இல்லை. டீக்கடைகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று நிருபர்கள் வந்து சொன்னார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, கையில் சுருட்டிய தாள் வைத்த பிளாஸ்டிக் பை.

"உப்புக்கல்லுன்னு எழுதுதாரே, அவரப் பாக்கணும்."

"நாந்தான் அண்ணாச்சி. என்ன வேணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? ஆம்பளன்னுல்லா நெனச்சேன். நல்லா நாலு வார்த்த கேட்டுட்டுப் போவணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டு வந்தேன். எல்லாம் மறந்து போச்சு." பிறகு சொன்னார்: "நான் சுடலைமுத்து."

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கும்மா. சலூன்ல ஒருத்தன் வாசிச்சான். நானும் சிரிச்சேன். சட்டப் பொத்தான் முதுகுலன்னதும் எனக்குப் பொறுக்கல, அப்படிச் சிரிச்சேன். பொறவுதான் பேரு வந்துச்சு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நாசரேத் ரோட்டில் ஒரு வீடு கட்ட ஒப்புக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டுக்காரர் ஆள் விட்டுவிட்டார், 'வேலை வேண்டாம், வாசலை எந்தப் பக்கம் வைப்பீரோ' என்று. அவரோடு வேலை செய்கிற ஆறு பேர் மூன்று நாளாகச் சும்மா இருக்கிறார்கள். தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்பக்கமாக நடந்து காட்டுகிறார்கள்.

"இத பாருங்க," என்று பையிலிருந்த தாளை மேசையில் விரித்தார். நிழற்குடையின் வரைபடம். ரோட்டின் எதிர்ப்பக்கம் இருக்கிற நிறுத்தத்துக்கு வரைந்த படம் அது. இந்தப் பக்கத்து நிறுத்தத்துக்கும் அதையே கொடுத்துவிட்டார்கள். "ரோடு இந்தப் பக்கம்லா சார் இருக்குன்னு இஞ்சினியருகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். கேக்கல. அதான் எழுதியே கொடுத்தேன்." படத்தின் ஓரத்தில் பென்சிலில் 'ரோடு இந்த பக்கம் உள்ளது' என்று கோணல் எழுத்தில் இருந்தது. அதை ஒரு பேனா அடித்திருந்தது. கீழே 'படத்தின்படியே செய்க' என்று எழுதி ஒரு சுருக்கொப்பம்.

இந்த நேரத்தில்தான் ஞானதுரை சார் கல்யாணப் பையோடு உள்ளே வந்தார். பேருந்திலேயே பத்தியைப் படித்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டார், வரைபடத்தைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். பிறகு பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று, மேஸ்திரிக்கு முன்னாலேயே, அந்த வானிலைக் குரலில் முழுப் பத்தியையும் வாசித்தார். ஊரைச் சிரிக்க வைத்த வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தான் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேஸ்திரி மாத்திக் கட்டினார்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க சார்."

"எல்லாரும்ங்கிறவர் எந்தத் தெருவுல இருக்காரு? நாளைக்குப் போய்ப் பாக்கணும்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. "மறுப்பும் வருத்தமும் நாளைக்கே போட்டுருவோம் மேஸ்திரி," என்றார்.

சுடலைமுத்து யோசித்தார். "எந்த எடத்துல போடுவிய?"

"நாலாம் பக்கம், கீழ."

"அத யாரு சார் வாசிப்பா? நான் கூட வாசிக்க மாட்டேன். இதே மாதிரி இன்னொண்ணு இவுகளையே எழுதச் சொல்லுங்க. இதே அளவுக்கு சிரிப்பாணியா இருக்கணும். சிரிச்ச வாயெல்லாம் அதயும் வாசிக்கணும்லா."

ஞானதுரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாலாம் பக்க வருத்தம் மறுநாளே வந்தது. அவர் சொன்னபடியே யாரும் வாசிக்கவில்லை. மற்றதை எழுதத்தான் எனக்கு உயிர் போனது. முதல் வரைவில் மன்னிப்பு மன்னிப்பு என்று அழுதிருந்தேன். "இதுல நீ எவ்வளவு நல்லவன்னு சொல்லுத. மேஸ்திரி எங்க?" என்று திரும்பி வந்தது. மூன்றாவதில் பொறியாளரைக் கிழித்துப் போட்டேன். அவர் தலை வழுக்கை. அதில் வெயில் பட்டுக் கண் கூசித்தான் ரோடு தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். எனக்கே பிடித்த வரி. பென்சில் அதை அடித்தது.

"வழுக்க என்னம்மா தப்பு செஞ்சுது? கையெழுத்துதான தப்பு செஞ்சுது. கையெழுத்தப் பத்தி எழுது."

மறுநாள் காலை நிழற்குடைக்கே போய் உட்கார்ந்தேன். எட்டு வருட அனுபவத்தில் நான் எழுதிய இடத்தைப் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிரே சுவர். சுவரில் ஒரு டியூஷன் விளம்பரம். பக்கத்தில் மீன்கூடையோடு மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவள் அந்தோணியம்மாள், திரேஸ்புரத்தில் மீன் எடுத்து ஊருக்குள் விற்பவள்.

"ஏளா, நீயும் சுவரு பாக்க வந்தியா?" என்று இடம் விட்டாள். "ரெண்டு பேரு உக்காருவோம், ஒருத்தி ரோட்டுல போயி நிப்பா. பஸ்ஸு வந்தா அவ கைய காட்டிக் கூவுவா. நாங்க கூடையத் தூக்கிட்டுச் சுத்தி ஓடுவோம். நாப்பது வருசமா மீனு விக்கேன். இப்பதான் பஸ்ஸக் காதால பாக்கப் படிச்சிருக்கேன்."

மூன்று பேருந்துகள் போகும்வரை இருந்தேன். ஒன்றைத் தவறவிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் கையெழுத்துப் போட்டார். டீக்கடையில் கேட்டதை மட்டும் வைத்து நான் பத்தி எழுதினேன். இரண்டு பேரும் ரோட்டை வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்துச் சொன்ன ஒரே ஆளைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அடித்திருக்கிறோம்.

ஆறாவது வரைவு நின்றது. தலைப்பு 'படத்தின்படியே'. அதன் சுருக்கம் இது: நிழற்குடையில் எந்தத் தவறும் இல்லை, அது படத்தின்படியே இருக்கிறது. ரோடுதான் தவறான பக்கத்தில் போடப்பட்டிருக்கிறது. ஆகவே ரோட்டைப் பெயர்த்து மதில் சுவருக்கு உள்ளே போட்டுவிட்டால் எல்லாம் சரியாகும். அதுவரை பயணிகள் சுவரைப் பார்த்துக் கை காட்டவும், சுவர் நிற்கும். கடலும் படத்தில் மேற்கே வரையப்பட்டிருந்தால் மீனவர்கள் இனி கோவில்பட்டிப் பக்கம் வலை வீசவும். இந்த ஊரில் ரோடு எந்தப் பக்கம் என்று தெரிந்து, அதை எழுதியும் கொடுத்தவர் மேஸ்திரி சுடலைமுத்து ஒருவரே. தெரியாதவர்கள் பட்டியலில் கையெழுத்துப் போட்டவருக்கு அடுத்த பெயர் உப்புக்கல்.

ஞானதுரை சார் வாசித்தார். 'சுவர் நிற்கும்' என்ற இடத்தில் வானிலைக் குரல் லேசாக உடைந்தது. ஓரத்தில் அந்த வழக்கமான கேள்வியை எழுதவில்லை. பத்தியோடு, பென்சில் எழுத்தும் பேனா எழுத்தும் தெரியும்படி வரைபடத்தின் அந்த மூலையையும் படமாகப் போட்டார்.

முதல் பத்திக்குச் சிரித்த ஊர் இதற்கு இன்னும் கூடச் சிரித்தது. ஒரே வாரத்தில் 'படத்தின்படியே' ஊர் வார்த்தை ஆகிவிட்டது. ஓட்டலில் தோசை கருகிப்போனால், "என்ன அண்ணாச்சி, படத்தின்படியேவா?" என்றார்கள்.

பொறியாளரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "சார், என் பேரப் போடல. ஆனா நான் போற எடமெல்லாம் சிரிக்கான்."

"உக்காருங்க சார். டீ சாப்பிடுங்க," என்றார் ஞானதுரை சார். "எழுதினதுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க. நாளைக்கே அதே எடத்துல, அதே அளவுல போடுதோம். எங்களுக்கு இப்ப அதுல பழக்கம் இருக்கு."

பொறியாளர் பத்திரிகையை எடுத்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது.

"அந்த வாரம் திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு கட்டு வரைபடம் மேசையில கிடந்தது. அந்த ஆளு சொன்னது காதுல விழுந்துச்சு. இப்ப மாத்தினா தேதி தள்ளிப்போகும்னு தோணுச்சு."

அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. வழுக்கையைப் பற்றிய வரி அச்சில் வரவில்லை என்பதை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது. அது வந்திருந்தால் அவர் அந்த வழுக்கையைச் சாக்காக வைத்துக்கொண்டு கையெழுத்தைப் பற்றிப் பேசாமலே போயிருப்பார்.

நாசரேத் ரோட்டு வீட்டுக்காரர் அவராகவே சுடலைமுத்துவைத் தேடி வந்தார். அதிகாரிக்கே எழுதிக் கொடுக்கிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்றாராம். கொஞ்ச நாளில் நிழற்குடையைத் திருப்பிக் கட்ட உத்தரவு வந்தது. அந்த வேலையையும் சுடலைமுத்துவிடமே கொடுத்தார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: படம் வேண்டாம், பொறியாளர் நேரில் வந்து ரோட்டில் நின்று, ரோடு எது என்று கையால் காட்டவேண்டும். அவர் வந்தார். காட்டினார். காட்டும்போது இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வேலை முடிந்த அன்று காலை மேஸ்திரி ஆள் விட்டார், வரச்சொல்லி. போனேன். சுண்ணாம்பு வாசம் போகாத திண்டில் அந்தோணியம்மாளும் மற்ற இரண்டு பேரும் கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து, மகாராணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். மேஸ்திரி தூணில் சாய்ந்து நின்றார். காற்று கடல் பக்கமிருந்து வந்தது.

தூரத்தில் பேருந்து தெரிந்தது. "அந்தா வாரான்! கண்ணால பாத்துட்டேன்ளா!" என்றாள் அந்தோணியம்மாள். பேருந்து நெருங்கியது. எங்களைத் தாண்டியது. நிற்காமலே போய்விட்டது.

மேஸ்திரி கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பத்தடி தள்ளி பேருந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எப்பமும் ஒரு அம்மா ரோட்டுல நின்னு கைய காட்டிக் கூவும். இன்னைக்கு யாரும் நிக்கல. அதான் ஆளே இல்லன்னு போயிட்டேன். ஏன், எல்லாரும் எங்கன இருந்திய?"

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். அந்தோணியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் சிரித்தார். பேருந்துக்குள் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏளா, சும்மா நிக்கியே," என்று அந்தோணியம்மாள் என் தோளில் தட்டினாள். "எழுது! முதல்ல அந்த டிரைவருகிட்ட நல்லா கேட்டுக்கிட்டு எழுது!"

நான் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தேன்.